பொத்துவிலுக்குப் பஸ் ஏறுவதற்கு முன்: ஓப்பன் எஸ்எஸ்எச்சுக்கு ரிக்ரெஷன் டெஸ்ட் ஓட்டுவது எப்படி

மட்டக்களப்பு நகரிலிருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்கு மேல். நாங்கள் பராமரிக்கும் சின்னச் சின்ன லினக்ஸ் பெட்டிகள் களுவாஞ்சிக்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் என்று தெற்கே நெடுகக் கிடக்கின்றன. நெல் ஆலைகளிலும் மொத்தக் கடைகளிலும் எடை, கணக்கு, இருப்பு எல்லாம் அவற்றில்தான். ஒன்றுக்கும் திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது. உள்ளே போக எஸ்எஸ்எச் மட்டும்தான் வழி; தூரத்திலிருந்து பாதுகாப்பாக உள்நுழைந்து கட்டளை தட்ட உதவுவது அது, நாங்கள் பாவிப்பது ஓப்பன் எஸ்எஸ்எச். அந்த எஸ்எஸ்எச்சையே புதிதாக ஏற்றி அது பிழைத்துப்போனால், திருத்துவதற்கு உள்ளே போகவும் வழி இருக்காது. பஸ் ஏற வேண்டியதுதான். அறுவடைக் காலத்தில் ஆலைக் கணினி அரை நாள் நின்றால் வாசலில் லொறிகள் வரிசை கட்டும். ஆலைக்காரருக்கு மட்டுமல்ல, நெல் ஏற்றிக்கொண்டு வந்த வேளாண்மைக்காரருக்கும் அது நட்டம்.

ஆகவே எஸ்எஸ்எச்சின் புதிய பதிப்பு எதையும், அதன் மூலநிரலோடு சேர்ந்தே வரும் ரிக்ரெஷன் டெஸ்ட்டுகளை முழுதாக ஓட்டிப் பார்க்காமல் நான் எந்தப் பெட்டியிலும் வைப்பதில்லை. அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்தக் குறிப்பு. கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது வழக்கமான எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் உபுண்டுவோ டெபியனோ ஒழுங்காகப் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்பிக்கொண்டிருந்தால் அதையே பாவியுங்கள். நீங்களாக மூலநிரலிலிருந்து கட்டத் தேவையில்லை. எங்களிடம் உள்ள சில பெட்டிகளுக்குப் புதிய பொதிகள் வருவது நின்றுவிட்டது. பெட்டியை மாற்ற உரிமையாளர்களுக்கு இப்போதைக்கு வசதி இல்லை. அதனால்தான் நாங்கள் கட்டுகிறோம். கட்டுகிறவருக்குத்தான் சோதிக்கும் பொறுப்பும்.

பழைய புண் திரும்பவும்

ரிக்ரெஷன் என்றால், ஒருமுறை சரிசெய்த பிழை பின்னொரு நாள் திரும்பி வருவது, அல்லது நேற்று வேலைசெய்தது இன்று செய்யாமல் போவது. ஓப்பன் எஸ்எஸ்எச்சிலேயே இதற்கு மறக்க முடியாத உதாரணம் உண்டு. 2006இல் சிவிஇ-2006-5051 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குக் கொடுக்கும் பொது எண்) என்று ஒரு ஓட்டை கண்டுபிடித்து அடைக்கப்பட்டது. உள்நுழைய வந்தவர் குறித்த நேரத்துக்குள் தன்னை உறுதிப்படுத்தாவிட்டால் சேர்வர் இணைப்பைத் துண்டிக்கும். அந்த நேரம் முடிந்ததை அறிவிக்கும் சிக்னலைக் கையாளும் இடத்தில்தான் ஓட்டை இருந்தது. சிக்னல் வந்த நேரத்தில் அழைக்கக்கூடாத செயற்கூறுகளை அந்த நிரல் அழைத்தது. 2020 ஒக்டோபரில் பதிவு எழுதும் பகுதியைத் திருத்தி அடுக்கும்போது, அந்த அடைப்பின் ஒரு வரி தெரியாமல் நீங்கிவிட்டது. 2021 மார்ச்சில் வந்த 8.5பி1 பதிப்போடு ஓட்டை மறுபடி வெளியே போனது. குவாலிஸ் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதைக் கண்டு 2024 ஜூலை 1 அன்று அறிவித்தார்கள். அதே நாளில் 9.8பி1 திருத்தத்தோடு வந்தது. புதிய எண் சிவிஇ-2024-6387. ரிக்ரெஷன் என்ற பெயரின் நடுவில் எஸ்எஸ்எச்சைச் செருகி அதற்குப் பெயரும் வைத்தார்கள்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோதனைத் தொகுப்பில் ‘லாகின்-டைம்அவுட்’ என்று ஒரு சோதனை அப்போதும் இருந்தது. சேர்வருக்கு ஒரே ஒரு உறுதிப்படாத இணைப்பை மட்டும் அனுமதித்து, காத்திருப்பு நேரத்தை 10 விநாடியாகக் குறைத்து வைக்கும். ஒரு போலி இணைப்பைத் திறந்து தொங்கவிடும். நேரம் முடிந்ததும் நிஜமான எஸ்எஸ்எச் ஒன்று உள்ளே போகிறதா என்று பார்க்கும். போகிறது என்றால் பாஸ். ஓட்டை இருந்த காலம் முழுக்க இந்தச் சோதனை பாஸ்தான் ஆகியிருக்கும். ஏனென்றால் இணைப்பு துண்டிக்கப்பட்டதா என்று மட்டுமே அது கேட்கிறது. துண்டிக்கும் கணத்தில் உள்ளே என்ன செயற்கூறு அழைக்கப்பட்டது என்று அது கேட்பதில்லை. சோதனை தான் கேட்ட கேள்விக்குத்தான் விடை சொல்லும். இதை மனதில் வைத்துக்கொண்டு ஓட்டினால்தான் பாஸ் என்ற சொல்லுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று தெரியும்.

மேசையில் ஒரு இரட்டைப் பெட்டி

ஆலையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் சோதனையை ஓட்டாதீர்கள். அதே வகைப் பெட்டி ஒன்றை அலுவலக மேசையில் வைத்திருங்கள்: அதே இயங்குதளம், அதே லிப்சி (அடிப்படை சி நூலகம்), அதே ஓப்பன் எஸ்எஸ்எல் (மறையாக்க நூலகம்). பெட்டி வாங்க முடியாவிட்டால் மெய்நிகர் இயந்திரமாவது வேண்டும். ஆனால் ஏஆர்எம் செயலியில் ஓடப்போவதை இன்டெல் லப்டொப்பில் சோதித்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம்.

தேவையானவை சாதாரணமானவை. சி கம்பைலர், மேக், ஆட்டோகான்ஃப், ஓப்பன் எஸ்எஸ்எல் மேம்பாட்டுப் பொதி, இசட்லிப், பயனரை உறுதிப்படுத்தும் பிஏஎம் நூலகத்தைப் பாவிக்கிறீர்கள் என்றால் அதன் மேம்பாட்டுப் பொதி. இவற்றோடு இரண்டைச் சேர்த்து நிறுவச் சொல்வேன்: பட்டி (விண்டோஸில் பலர் பாவிக்கும் எஸ்எஸ்எச் நிரல்) என்பதன் கட்டளைவரிக் கருவிகள், டிராப்பெயர் (சின்னக் கருவிகளுக்கான எஸ்எஸ்எச்). ஏன் என்று கீழே வரும்.

மூலநிரலை ஓப்பன் எஸ்எஸ்எச் திட்டத்தின் தளத்திலிருந்து எடுங்கள். உங்களுக்கு வேண்டியது போர்ட்டபிள் என்ற கிளை. பதிப்பு எண்ணில் பி1 என்று முடிவது அதுதான். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்துக்காக எழுதப்படுவதை லினக்ஸ், மேக்ஓஎஸ் போன்றவற்றுக்கு ஏற்றபடி ஆக்கிய வடிவம் அது. கூடவே கையொப்பக் கோப்பு ஒன்றும் இருக்கும். அதைச் சரிபார்க்காமல் பொதியைப் பிரிக்க வேண்டாம்.

பிறகு பெட்டிக்கு ஏற்ப அமைக்கும் கன்ஃபிகர், கட்டும் மேக். கிட் களஞ்சியத்திலிருந்து நேரடியாக எடுத்தீர்கள் என்றால் கன்ஃபிகர் கோப்பு அதில் இருக்காது. முதலில் ஆட்டோரீகான்ஃப் ஓட்ட வேண்டும். கன்ஃபிகருக்குக் கொடுக்கும் நிறுவல் பாதை ஏற்கெனவே உள்ள எஸ்எஸ்எச்சின் பாதையாக இருக்கக்கூடாது. நான் ஓப்ட் கோப்புறைக்குள் பதிப்பு எண்ணோடு தனிக் கோப்புறை வைத்துக் கொடுப்பேன். பழையதும் புதியதும் அருகருகே இருந்தால்தான் திரும்பிப் போக வழி இருக்கும்.

கட்டும் கோப்புறையின் அனுமதிகளையும் பாருங்கள். குழுவுக்கு எழுதும் அனுமதி உள்ள கோப்புறைக்குள் கட்டினால், அனுமதிக்கப்பட்ட சாவிகள் உள்ள கோப்பை எஸ்எஸ்எச்டி (எஸ்எஸ்எச்சின் சேர்வர் நிரல்) நம்ப மறுக்கும். ‘உரிமை அல்லது அனுமதிகள் சரியில்லை’ என்ற பொருள்பட சேர்வர் பதிவில் ஒரு வரி கிடக்கும். டெபியன், உபுண்டு கொடுக்கும் எஸ்எஸ்எச்சில், அந்தக் குழுவில் பயனர் மட்டுமே இருந்தால் பரவாயில்லை என்று ஒரு திருத்தம் சேர்த்திருக்கிறார்கள். மூல ஓப்பன் எஸ்எஸ்எச்சில் அது இல்லை. ஆகவே இயங்குதளத்தின் எஸ்எஸ்எச் பேசாமல் ஏற்றுக்கொண்டதை நீங்கள் கட்டியது மறுக்கும். அனுமதிச் சோதனையைத் தளர்த்த ஒரு சூழல் மாறி இருக்கிறது, ஆனால் அதைத் தொட வேண்டாம். கோப்புறையின் அனுமதியைத் திருத்துங்கள்.

ஓட்டுவது

கட்டளை மேக் டெஸ்ட்ஸ். அவ்வளவுதான்.

இதைத் தட்டினால் உங்கள் உண்மையான எஸ்எஸ்எச்டிக்கு ஒன்றும் ஆகாது. சோதனைத் தொகுப்பு ரெக்ரெஸ் என்ற கோப்புறைக்குள் தனக்கென்று சாவிகள் உருவாக்கும், தனக்கென்று சேர்வர் கன்ஃபிக் கோப்பும் வாடிக்கையாளர் (இணையும் பக்கத்து நிரல்) கன்ஃபிக் கோப்பும் எழுதும், 127.0.0.1 முகவரியில் 4242ஆம் போர்ட்டில் தன் எஸ்எஸ்எச்டியை எழுப்பும். 22ஆம் போர்ட் பக்கமே போகாது. பெயரில் ‘ப்ராக்ஸி’ என்று வரும் கன்ஃபிக் கோப்புகளைப் பாவிக்கும் சோதனைகளுக்கு 4242 கூடத் தேவையில்லை. ஒரு குழாய் வழியாகவே பேசிக்கொள்ளும். உங்கள் பெட்டியில் வேறு ஏதாவது 4242இல் இருந்தால் போர்ட்டை மாற்ற ஒரு சூழல் மாறி உண்டு. இப்படியான மாறிகளில் பெரும்பாலானவை மூலநிரலோடு வரும் ‘ரீட்மீ டாட் ரெக்ரெஸ்’ கோப்பில் எழுதியிருக்கின்றன. சின்னக் கோப்பு. ஒருமுறை முழுதாக வாசித்துவிடுங்கள்.

ஒவ்வொரு சோதனையும் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட். ‘கனெக்ட்’ சோதனையைத் திறந்து பாருங்கள், சில வரிகள்தான். சேர்வரை எழுப்பு, எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போய் ‘ட்ரூ’ கட்டளையை ஓட்டு, திரும்பி வந்த எண் பூச்சியமா என்று பார், இல்லையென்றால் ஃபெயில். ‘டிரான்ஸ்ஃபர்’ சோதனை ஒரு கோப்பை எஸ்எஸ்எச் வழியாகக் கடத்திப் பார்க்கும், பிறகு 10 பைட், 100 பைட், 1கே, 32கே என்று 256கே வரை துண்டு அளவை மாற்றிக் கடத்தும், ஒவ்வொரு முறையும் மூலத்தோடு பைட் பைட்டாக ஒப்பிடும். எனக்கு மிகவும் பிடித்தது ‘இன்டெக்ரிட்டி’. வாடிக்கையாளருக்கும் சேர்வருக்கும் நடுவில் ஒரு சின்ன நிரலை வைத்து, ஓடும் தரவில் வேண்டுமென்றே ஒரு பைட்டைக் கெடுக்கும். கெட்ட பைட்டை மறுமுனை கண்டுபிடித்து இணைப்பை முறிக்க வேண்டும். முறிக்காமல் ஏற்றுக்கொண்டால் ஃபெயில். இதை ஒரு முறையோடு விடுவதில்லை. அந்தப் பதிப்பு ஏற்கும் ஒவ்வொரு சரிபார்ப்பு முறைக்கும், வேறு வேறு இடத்தில் கெடுத்துக் கெடுத்துப் பார்க்கும். காசுக் கணக்குப் போகும் பாதைக்கு இதைவிட நல்ல கேள்வி எனக்குத் தெரியவில்லை.

இப்படி எல்லா முறைகளையும் எல்லா அளவுகளையும் பெருக்கிப் பார்ப்பதால் மலிவான ஏஆர்எம் பெட்டியில் மணிக்கணக்காக ஓடும். ‘ரீகீ’, ‘ட்ரை-சைஃபர்ஸ்’, ‘இன்டெக்ரிட்டி’ மூன்றும்தான் நேரத்தைத் தின்பவை. இணைப்பு அறுந்தாலும் வேலை நிற்காதபடி டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீனுக்குள் ஓட்டுங்கள், வெளியீட்டை டீ கட்டளையால் ஒரு கோப்பிலும் விழுத்துங்கள். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை கரண்ட் வெட்டிய நாட்களில் இங்கே முழுச் சோதனையை ஒரே மூச்சில் ஓட்ட வழியே இருக்கவில்லை. கார்த்திகை, மார்கழி மழையிலும் அப்படித்தான், எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதற்கு ஏற்ற வசதி தொகுப்பிலேயே இருக்கிறது. எல்டெஸ்ட்ஸ் என்ற மாறியில் சோதனைப் பெயர்களை இடைவெளி விட்டுக் கொடுத்து மேக் டி-எக்ஸெக் என்று தட்டினால் அவை மட்டும் ஓடும். கரண்ட் வந்ததும் மிச்சமிருக்கும் பெயர்களை அதில் கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கரண்ட் போன இடத்தின் பெயர் டீ விழுத்திய கோப்பின் கடைசி வரிகளில் இருக்கும்.

ரூட் அதிகாரத்தோடு கட்டளையை ஓட்டவைக்கும் சூடோ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பயனராக ஓட்டினால் சில சோதனைகள் ஓடாது, ஏனென்றால் எஸ்எஸ்எச்டி ரூட்டாக இருந்தால்தான் அவற்றைச் செய்ய முடியும். எஸ்எஃப்டிபி (எஸ்எஸ்எச்சோடு வரும் கோப்புக் கடத்தும் முறை) பயனரை ஒரு கோப்புறைக்குள் அடைத்துவைக்கும் சோதனை அப்படிப்பட்டது. சூடோ என்ற மாறியில், பெரிய எழுத்தில், சூடோ கட்டளையின் பாதையைக் கொடுத்தால் அவையும் ஓடும். கடவுச்சொல் கேட்காதபடி சூடோவை அமைத்திருக்க வேண்டும்; எஸ்எஸ்எச்டி என்ற சிறப்புப் பயனரும் அதற்கான வெற்றுக் கோப்புறையும் பெட்டியில் இருக்க வேண்டும். கடவுச்சொல் கேட்காத சூடோவை ஆலைப் பெட்டியில் வைக்கவே கூடாது. மேசையில் இரட்டைப் பெட்டி வைத்திருக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கிப் என்ற வரி

என்னோடு வேலை பழகும் தங்கச்சி ஒருத்தி, முதன்முதலாகத் தனியே ஓட்டி முடித்துவிட்டு வந்து, “அண்ணா, எல்லாம் பாஸ் எண்டு காட்டுது. மறுகா என்ன, ஏத்துவமா?” என்று கேட்டாள்.

“ஸ்கிப் எண்ட சொல்லத் தேடிப் பாத்தியா?” என்றேன்.

வெளியீட்டுக் கோப்பில் க்ரெப் போட்டுப் பார்த்தாள். பட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் சோதனைகள் அத்தனையும் தாண்டிப் போயிருந்தன, ஏனென்றால் அந்தப் பெட்டியில் பட்டியே நிறுவியிருக்கவில்லை. டிராப்பெயர் சோதனைகளும் அப்படியே. சூடோ கொடுக்காததால் போனவை தனி. தாண்டிய சோதனையைத் தொகுப்பு ஃபெயில் என்று சொல்லாது. கடைசியில் பாஸ் என்று வரும், மனம் ஆறிவிடும்.

எங்கள் வாடிக்கையாளர்களின் கணக்கர்கள் விண்டோஸிலிருந்து பட்டியால்தான் உள்ளே வருகிறார்கள். சில கடைகளில் ரவுட்டரே ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற லினக்ஸ். அதற்குள் இருப்பது டிராப்பெயர். ஆக அவள் தாண்டிப்போக விட்டது எங்களுக்கு வேண்டாத மூலை முடுக்கு அல்ல, தினமும் ஆட்கள் வந்துபோகும் வழி. அந்தக் கருவிகளை நிறுவிவிட்டு மறுபடி ஓட்டினால் அவையும் உயிர்பெறும். முதலில் நிறுவச் சொன்னது இதற்காகத்தான்.

அதனால் என் முறை இது: ஓட்டி முடித்ததும் முதலில் ஸ்கிப் வரிகளைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் எழுதுவேன். ‘கெர்பரோஸ் நாங்கள் பாவிப்பதில்லை’ போன்றது ஏற்கத்தக்க காரணம். ‘கருவி நிறுவவில்லை’ என்பது காரணமே அல்ல.

ஃபெயில் ஆனால்

ஒரு சோதனை ஃபெயில் ஆனவுடன் தொகுப்பு அங்கேயே நின்றுவிடும், மிச்சம் ஓடாது. ஸ்கிப்-எல்டெஸ்ட்ஸ் மாறியில் (நடுவில் அடிக்கோடு) அந்தப் பெயரைப் போட்டு மிச்சத்தை ஓட்டலாம், ஆனால் அது என்ன என்று பார்த்த பிறகு.

ரெக்ரெஸ் கோப்புறையில் ‘ஃபெயில்ட்’ என்று தொடங்கும் மூன்று பதிவுக் கோப்புகள் இருக்கும்: ஒன்று சோதனையுடையது, ஒன்று வாடிக்கையாளருடையது, ஒன்று சேர்வருடையது. புதிய பதிப்புகளில் ஒவ்வொரு அழைப்புக்கும் தனிப் பதிவு லாக் என்ற உள் கோப்புறையில் விழும். எல்லாம் டீபக் மட்டத்தில் எழுதப்படுவதால் நீளமாக இருக்கும். சோதனையின் பதிவை முதலில் வாசியுங்கள், எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று அது ஒரு வரியில் சொல்லும். பிறகு சேர்வர் பதிவில் அதே கட்டத்துக்குப் போங்கள். வாடிக்கையாளர் பதிவு கடைசி. ஏனென்றால் மறுப்பின் உண்மையான காரணத்தை எஸ்எஸ்எச்டி எதிர்ப்பக்கத்துக்குச் சொல்வதில்லை. தன் பதிவில் மட்டும் எழுதிக்கொள்ளும். பாதுகாப்புக்காக அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒன்றைக் கிட்டப்போய்க் காட்டுகிறேன். வேறொருவர் அமைத்துப் பாவித்துவிட்டுக் கொடுத்த பெட்டி ஒன்றில் ‘கனெக்ட்’ பாஸ், ‘டிரான்ஸ்ஃபர்’ ஃபெயில். செய்தி, ‘நகல் கெட்டுவிட்டது’ என்ற பொருள்பட ஒன்று. கடத்தும்போது தரவு கெடுகிறது என்றால் கை நடுங்கும் செய்திதான். ஆனால் ‘ட்ரை-சைஃபர்ஸ்’ ஓட்டினால் எல்லா மறையாக்கமும் பாஸ். ‘எஸ்எஃப்டிபி’யும் பாஸ். மறையாக்கம் சரி, கோப்புக் கடத்தலும் சரி, ஆனாலும் நகல் கெடுகிறது என்றால் எங்கே?

சோதனைகளின் உள்ளே பார்த்தால்தான் விளங்கும். ‘ட்ரை-சைஃபர்ஸ்’ உள்ளே போய் ‘ட்ரூ’வை மட்டும் ஓட்டுகிறது. என்ன எழுத்து திரும்பி வந்தது என்று பார்ப்பதில்லை. ‘எஸ்எஃப்டிபி’ சோதனை எஸ்எஸ்எச் வழியாகவே போவதில்லை, எஸ்எஃப்டிபி சேர்வர் நிரலோடு நேரடியாகப் பேசுகிறது. நான் ஓட்டிய இவற்றில், பயனரின் ஷெல்லைத் தாண்டி வந்த எழுத்துகளை எண்ணிப் பார்த்தது ‘டிரான்ஸ்ஃபர்’ மட்டும்தான். கெட்ட நகலை மூலத்தோடு ஒப்பிட்டால் நகல் சில பைட்டுகள் பெரிது. திறந்து பார்த்தால் தலைப்பில் ஒரு வணக்கச் செய்தி! பெட்டியை முன்பு வைத்திருந்தவர் ஷெல் தொடங்கும்போது வாசிக்கும் பாஷ்ஆர்சி கோப்பின் முதல் வரியில், எழுத்தை அச்சிடும் எக்கோ கட்டளை ஒன்றைப் போட்டிருந்தார். எஸ்எஸ்எச் வழியாக எந்தக் கட்டளையை ஓட்டினாலும் அந்த வணக்கம் முன்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

எஸ்எஸ்எச்சில் பிழை இல்லை. ஆனால் அந்தச் சோதனை வீண் என்று நினைக்காதீர்கள். அந்தப் பெட்டியிலிருந்து இரவு நேரத்தில் தரவுத்தளக் காப்பு நகல் எஸ்எஸ்எச் குழாய் வழியாக வரப்போகிறது. ஒவ்வொரு நகலின் தலையிலும் வணக்கம் ஒட்டியிருந்தால், திரும்ப ஏற்றும் நாளில்தான் தெரிந்திருக்கும்.

உங்கள் பெட்டிக்கான சொந்தச் சோதனை

தொகுப்பில் உள்ளவை எழுதியவர்களின் கேள்விகள். உங்கள் இடத்தின் கேள்விகளை நீங்கள்தான் எழுத வேண்டும். எளிதாகத் தொடங்குவதற்கு ஒன்று: எஸ்எஸ்எச்டிக்குப் பெரிய டி கொடியைக் கொடுத்தால், கன்ஃபிக் கோப்பை வாசித்து, சொல்லாமல் விட்டவற்றுக்கு இயல்பு மதிப்பையும் சேர்த்து, இறுதி அமைப்பு முழுவதையும் அச்சிடும். ஆலைப் பெட்டியின் கன்ஃபிக்கைக் கொண்டுவந்து, பழைய எஸ்எஸ்எச்டியால் ஒரு தடவை, புதியதால் ஒரு தடவை அச்சிட்டு, வித்தியாசத்தைக் காட்டும் டிஃப் போடுங்கள். பதிப்பு மாறும்போது நீங்கள் தொடாமலே மாறிய எல்லாம் அந்த டிஃப்பில் கிடக்கும்.

இது ஏன் முக்கியம் என்றால், ஓப்பன் எஸ்எஸ்எச்காரர்கள் பழையதைத் தயங்காமல் வெட்டுகிறார்கள். நல்ல காரியம்தான், ஆனால் தெரிந்துகொண்டு ஏற்ற வேண்டும். 2021இல் வந்த 8.8இல் ஷா-1 என்ற பழைய ஹாஷ் முறையைப் பாவிக்கும் ஆர்எஸ்ஏ கையொப்பங்கள் இயல்பாக அணைக்கப்பட்டன. 2022இல் வந்த 9.0இல் கோப்பை நகலெடுக்கும் எஸ்சிபி கட்டளை உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி நெறிமுறைக்கு மாறியது. 9.8இல் எஸ்எஸ்எச்டியே இரண்டாகப் பிரிந்தது: கேட்டுக்கொண்டிருக்கும் பகுதி ஒன்று, ஒவ்வொரு இணைப்பையும் கவனிக்கும் எஸ்எஸ்எச்டி-செஷன் இன்னொன்று. எஸ்எஸ்எச்டி கோப்பை மட்டும் கொப்பி பண்ணி வைக்கிறவர்களுக்கு அன்றோடு கதவு பூட்டு. 2025இல் 10.0இல் டிஎஸ்ஏ சாவிகள் முற்றாக நீக்கப்பட்டன. பழைய பட்டியோ பழைய சுவிட்சோ வைத்திருக்கும் இடத்தில் இவற்றில் ஒவ்வொன்றும் ஒரு தொலைபேசி அழைப்பு.

ஆகவே உங்கள் வாடிக்கையாளர்கள் உண்மையில் எதிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். சம்மாந்துறையில் ஆலை பார்க்கும் காக்காவிடம் கேட்டபோது, “தம்பி, அந்தப் பழைய மெசின்தான், மாத்தல்ல” என்றார். அந்தப் பழைய மெசினில் உள்ள பட்டியின் பதிப்பையே இறக்கி, மேசைப் பெட்டிக்கு எதிராக ஓட்டிப் பார்க்க வேண்டும். காப்பு நகல் ஸ்கிரிப்ட், சாவியால் உள்நுழைவு, போர்ட் ஃபார்வர்டிங், தவறான சாவிக்கு மறுப்பு: எங்கள் சொந்த ஸ்கிரிப்ட் இவ்வளவும் பார்க்கிறது. கடைசி ஒன்றை யாரும் மறந்துவிட வேண்டாம். உள்ளே வரக்கூடாதவர் வரவில்லை என்பதும் சோதிக்க வேண்டிய விஷயம்.

ஏற்றும் நாள்

சோதனை எல்லாம் முடிந்தும் ஒரே அடியாக மாற்றாதீர்கள். புதிய எஸ்எஸ்எச்டியை 2222 போன்ற வேறொரு போர்ட்டில் முதலில் எழுப்புங்கள். 22இல் பழையது இருக்கட்டும். சின்ன டி கொடியால் கன்ஃபிக்கைச் சரிபார்த்து, புதிய போர்ட் வழியாக உள்ளே போய், சொந்த ஸ்கிரிப்ட்டை அங்கேயும் ஓட்டுங்கள். பிறகு 22ஐ மாற்றும்போது, ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, பத்து நிமிடத்தில் பழையதைத் தானாக மீட்டுவைக்கும் வேலை ஒன்றை, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் ஏட் கட்டளையில் போட்டுவிடுங்கள். புதிய இணைப்பு சரியாகத் திறந்தால் அந்த வேலையை நீக்கலாம். திறக்காவிட்டால் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். ஆலை ஓடாத நேரமாகப் பாருங்கள். சம்மாந்துறைப் பக்கம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் எங்களுக்கு வசதி. காக்காவிடம் முன்கூட்டியே சொல்லியும் வைப்போம்.

உண்மையிலேயே ஓப்பன் எஸ்எஸ்எச்சின் பிழை என்று உறுதியானால், திட்டத்தின் பிழைப் பதிவுத் தளமான பக்சில்லாவில் பதியுங்கள். பதிப்பு எண், இயங்குதளம், கம்பைலர், கன்ஃபிகருக்குக் கொடுத்த தெரிவுகள், ஃபெயில் ஆன சோதனையின் பெயர், அந்த மூன்று பதிவுக் கோப்புகள், எல்லாம் வேண்டும். சோதனைச் சாவிகள் அந்தந்த ஓட்டத்துக்கு உருவாக்கப்பட்டவை என்பதால் வெளிப்பட்டாலும் ஆபத்தில்லை. ஆனால் உங்கள் பயனர் பெயரும் கோப்புறைப் பாதைகளும் பதிவுகளில் இருக்கும், பார்த்து அனுப்புங்கள். பாதுகாப்பு ஓட்டை என்று சந்தேகம் வந்தால் மட்டும் பொதுவில் பதியாமல், தளத்தில் கொடுத்துள்ள தனி மின்னஞ்சல் முகவரிக்கு எழுதுங்கள்.